அளவில் சேராத இடம்: மும்பைத் தமிழரும் வீட்டு முற்றமும்

தாராவியைப் பற்றிய பேச்சு இன்று எங்கே தொடங்கினாலும் ஓர் எண்ணில் வந்து நிற்கிறது: 350 சதுர அடி. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருக்கும் தகுதியுடைய குடும்பங்களுக்குத் தாராவிக்குள்ளேயே இந்தப் பரப்பில் வீடு தரப்படும் என 2024-இல் அறிவிக்கப்பட்டது. மும்பையின் குடிசை மாற்றுத் திட்டங்களில் இந்த எண் படிப்படியாக வளர்ந்து வந்திருக்கிறது. 1991-இல் 180, 1995-இல் 225, 2008-இல் 269, 2018-இல் 300, இப்போது 350. முப்பது ஆண்டுகளில் ஏறக்குறைய இரு மடங்கு.

இந்த எண் சுவருக்கு உட்பட்ட தரையை மட்டுமே அளக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் 'கார்ப்பெட் ஏரியா' என்பதை வரையறுக்கும்போது பால்கனி, வராந்தா, திறந்த மொட்டைமாடி ஆகியவற்றை வெளிப்படையாகவே விலக்கிவிடுகிறது. வெளியிடத்தை உள்ளிடத்தின் விலைக்கு விற்கும் கட்டுமான நிறுவனங்களிடமிருந்து வாங்குவோரைக் காப்பதே அதன் நோக்கம், நோக்கத்தில் குறையில்லை. ஆனால் வாழ்க்கையின் பாதியை வீட்டு வாசலில் நடத்தும் மக்களுக்கு இதே அளவுகோலைக் கொண்டு வீடு கட்டினால் என்ன ஆகும்? அவர்கள் இழக்கப்போகும் பரப்பு எந்தப் பத்தியிலும் பதிவாகாது. பதிவாகாத ஒன்றுக்கு ஈடு கேட்கவும் முடியாது.

வீட்டை ஒட்டிய வெளியிடத்தைத் திட்டமிட்டுக் கட்டுவதற்கு மும்பைத் தமிழரிடையே ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாறு சொற்களிலிருந்து தொடங்குகிறது.

முன்றிலும் அங்கணமும்

வீட்டின் முன்னுள்ள இடத்துக்குச் சங்கப் பாடல்களில் வழங்கும் சொல் 'முன்றில்'. பள்ளி இலக்கண நூல்கள் இதனை இலக்கணப்போலிக்கு எடுத்துக்காட்டாகத் தருவது பலரும் அறிந்ததே: 'இல்முன்' என்று இருக்க வேண்டியது முன்பின்னாக மாறி 'முன்றில்' ஆயிற்று. 'முற்றம்' என்ற சொல்லையும் 'முன்' என்னும் அடியோடு இணைத்துப் பார்ப்பதுண்டு. 'திண்ணை'யில் திண்மை இருக்கிறது. மண்ணை இறுக்கி மேடாக்கியதால் வந்த பெயர். பின்புறத்துக்குக் 'கொல்லை' என்றும் 'புழைக்கடை' என்றும் பெயர். புழை என்பது சிறு வாயில். கடை என்பதும் வாயிலே. பேச்சில் அது 'புழக்கடை' ஆகிவிட்டது.

இவற்றுள் மும்பையோடு நேரடித் தொடர்புடைய சொல் 'அங்கணம்'. மராத்தியில் 'அங்கண்' என்றால் வீட்டின் முன்முற்றம். துளசி மாடம் நிற்கும், பந்தல் போடும் இடம். அதே சொல் தமிழில் வேறு திசையில் நடந்திருக்கிறது. திருக்குறளின் அவையறிதல் அதிகாரத்தில் வரும் அங்கணம், அமிழ்தம் கொட்டினாலும் வீணாகும் தூய்மையற்ற இடம். தென்மாவட்டங்களின் பேச்சில் அங்கணம் அல்லது அங்கணக்குழி என்பது வீட்டுக்குள் பாத்திரம் துலக்கும், நீர் வடியும் மூலை. திருநெல்வேலியிலிருந்து வந்தவர் மும்பையின் ஒற்றை அறை வீட்டில் கண்ட 'மோரி' இதுவேதான்: அறையின் ஒரு மூலையில் விளிம்பு கட்டிய, குளிக்கவும் துலக்கவும் ஆன சிறு சதுரம்.

'ஓட்டா' என்ற மராத்திச் சொல்லின் பயணமும் குறிப்பிடத்தக்கது. வீட்டுக்கு முன்னால் உட்கார எழுப்பிய மேடைக்கு அது பெயர். நம் திண்ணைக்கு நிகர். இன்றைய மும்பைக் குடியிருப்புகளில் 'ஓட்டா' என்றால் அடுப்பு வைக்கும் சமையல் மேடை என்றே பெரும்பாலும் பொருள்படும். வெளியே இருந்த மேடை வீட்டுக்குள் வந்துவிட்டது. சொல்லும் கூடவே வந்துவிட்டது. ஸ்பானிய மொழியின் 'பாட்டியோ'வும் இப்படி இடம் பெயர்ந்த சொல்தான். வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றத்தைக் குறித்தது, அமெரிக்க வழக்கில் வீட்டின் பின்னால் கல் பாவிய தளத்தைக் குறிக்கலாயிற்று. வீட்டுப் பகுதிகளின் பெயர்களைத் தொடர்ந்து சென்றால், வெளியிடம் சுருங்கிய வழியும் நகர்ந்த வழியும் தெரிகின்றன.

ஊரில் முற்றம் யாருக்கு இருந்தது

முற்றத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஏக்கத்தோடு எழுதுகின்றனர்: வழிப்போக்கன் படுத்துறங்கிய திண்ணை, பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகிய திண்ணைப் பள்ளி, நிலவொளியில் கூட்டாஞ்சோறு. இவை நடந்தவைதான். ஆனால் அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவிலேயே நிற்க வேண்டும் என்பதைச் சாதி முடிவு செய்தது. பின்புறமும் அப்படியே. கொல்லையின் கடைசியில் இருந்த கழிப்பிடத்துக்குத் துப்புரவுத் தொழிலாளி வந்து போக தனி வழி இருந்தது. முன்வாசல் அவருக்கு இல்லை. முன்னும் பின்னும் கொண்ட அந்த வீட்டமைப்பு, மனிதரைப் பிரித்து வைக்கும் கருவியாகவும் வேலை செய்தது.

மும்பைக்கு வந்த தமிழர் இந்த அமைப்பின் இரு முனைகளிலிருந்தும் வந்தனர். அலுவலக வேலைக்கு வந்த, ஆங்கிலம் படித்த மேல்சாதியினர் மாட்டுங்காவிலும் பின்னர் செம்பூரிலும் குடியேறினர். தோல் பதனிடவும் ஆலைகளில் உழைக்கவும் வந்த திருநெல்வேலி, வட ஆர்க்காட்டு மக்கள், அவர்களுள் பெரும்பகுதியினரான ஆதிதிராவிடரும் இசுலாமியரும் நாடாரும், தாராவியில் குடியேறினர். ஒரு சாரார் முற்றத்தை விட்டு வந்தனர். மறு சாரார்க்கு ஊரில் இருந்த முற்றமும் அடுத்தவர் அதிகாரத்துக்கு உட்பட்டதே.

மாட்டுங்கா: கோணத்தால் அளந்த வானம்

1896-இல் பம்பாயைத் தாக்கிய கொள்ளைநோய், வீட்டுக்கு வெளியே உள்ள இடத்தை அரசின் கணக்குக்குள் கொண்டுவந்தது. இரு கட்டடங்களுக்கு இடையே சில அடி அகலமே இருந்த சந்துகளில் கழிவு தேங்கியது. அதை அகற்றும் வேலை குறிப்பிட்ட சாதிகளின் தலையில் விழுந்தது. அந்தச் சந்தை நோக்கியே அறைகளின் சன்னல்கள் திறந்தன. 1898-இல் அமைக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட், நெரிசலான பகுதிகளை இடித்தும் அகலச் சாலைகளை வெட்டியும், நகரின் வடக்கே புதிய குடியிருப்புகளைத் திட்டமிட்டும் இதற்கு விடை தேடியது. தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகள் அப்படி வடிவம் பெற்றவை. மாட்டுங்காவின் 'ஐந்து தோட்டங்கள்' அந்தத் திட்டத்தின் எச்சம்.

டிரஸ்டின் தலைவராக இருந்த ஜே. பி. ஓர் 1910-களில் வலியுறுத்திய விதி ஒன்று முற்றத்தின் வரலாற்றில் இடம்பெறத் தக்கது. அது 63½ பாகை விதி. ஓர் அறைக்குப் போதிய வெளிச்சமும் காற்றும் வேண்டுமெனில், அதன் சன்னலுக்கு எதிரே கட்டடத்தின் உயரத்தில் பாதியளவு அகலத்துக்கேனும் வெட்டவெளி இருக்க வேண்டும். 40 அடி உயரக் கட்டடம் எதிரே நின்றால் 20 அடி இடைவெளி. அந்த இடைவெளியின் விளிம்பில் நின்று கட்டடத்தின் உச்சியைப் பார்த்தால் பார்வைக் கோடு தரையோடு ஏறத்தாழ 63½ பாகை கோணத்தை உண்டாக்கும்; பெயர் அதனால் வந்தது. வெளியிடத்துக்கு ஓர் எண் கிடைத்தது.

ஆனால் அந்த எண் வெளிச்சத்தை அளந்ததேயன்றிப் பயன்பாட்டை அளக்கவில்லை. கட்டடத்தைச் சுற்றி விடப்பட்ட கட்டாய இடைவெளி எவர் வீட்டு முற்றமும் ஆகவில்லை. அதில் வடாம் காயவைக்க முடியாது. துவைக்கும் கல் போட முடியாது. தோட்டப் புறநகர் என்று கனவு கண்ட இடத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. இந்தக் காலத்தைப் பற்றி விரிவாக ஆராய்ந்த நிகில் ராவ், 2013-இல் வெளியான தம் நூலுக்கு 'வீடுண்டு, தோட்டமில்லை' எனப் பொருள்படும் தலைப்பை வைத்தார்.

மாட்டுங்காவின் தென்னிந்தியக் குடும்பங்களுக்கு அடுக்குமாடி வேறொரு சிக்கலையும் கொண்டுவந்தது. கொல்லையின் கோடியில், வீட்டிலிருந்து எட்டத்தில் இருந்த கழிப்பறை இப்போது சமையலறையிலிருந்து சில அடிகளில் வந்து நின்றது. ஆசாரம் பேணியவர்களுக்கு இது எளிதில் செரிக்கக் கூடியதாக இல்லை. நீர் ஊற்றித் தள்ளும் கழிப்பறையும் நிலத்தடிக் குழாயும் பரவியபோது அந்தத் தயக்கம் மெல்லத் தேய்ந்தது. புழைக்கடை வீட்டுக்குள் மடிந்து ஒரு கதவுக்குப் பின்னால் அடங்கியது. முன்றில் மாடிப்படியின் திருப்பத்தில் உள்ள நடையாகச் சுருங்கியது. அங்கே கதவுக்கு முன்னால் ஒரு சாண் கோலம் மட்டும் மிஞ்சியது. பொதுவாழ்வு வீட்டுத் திண்ணையிலிருந்து நிறுவனங்களுக்குப் போயிற்று. 1932-இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கமும், பஜனை சமாஜமும், கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றிய உடுப்பி உணவகங்களும் அந்த மக்களின் பொதுத் திண்ணைகள் ஆயின.

செம்பூர்: தோட்டம் இருந்த காலம்

முற்றத்தோடு கூடிய வீடு நகர வாழ்வில் சாத்தியமா என்ற கேள்விக்குச் செம்பூர் சிறிது காலம் 'ஆம்' என விடை சொன்னது. 1920-களில் அரசின் வளர்ச்சித் துறை சால்செட் தீவில் வகுத்த புறநகர்த் திட்டங்களுள் செம்பூரும் ஒன்று. மனையின் நடுவே வீடு, சுற்றிலும் தோட்டம் என்ற அமைப்பு அங்கே ஓரளவு நிறைவேறியது. விடுதலைக்குப் பின் அகதிகள் குடியேற்றமும், தொழிற்சாலைகளும், வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளும் வந்தன. மாட்டுங்காவில் இடம் போதாத தமிழ்க் குடும்பங்கள் இரண்டாம் தலைமுறையில் இங்கே நகர்ந்தன. செட்டா நகர் முருகன் கோயிலும் செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியும் அந்த நகர்வின் அடையாளங்கள்.

1964 முதல் மும்பையில் மனைப்பரப்புக்கும் கட்டடப் பரப்புக்கும் இடையிலான விகிதம் விதியாயிற்று. 1991-இன் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகள் கட்டும் உரிமையை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றி விற்க வழிசெய்தன. நகரின் வேறொரு மூலையில் பிறந்த கட்டும் உரிமை புறநகரின் பழைய மனைகளில் வந்து இறங்கியது. கட்டாத நிலம் இழப்பாகத் தோன்றத் தொடங்கியது அப்போதுதான். தனி வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து அடுக்குமாடிகள் ஆயின. கொல்லைத் தென்னை வண்டி நிறுத்துமிடமாயிற்று. பின்னர் திறந்த வெளியையே வண்டி நிறுத்தும் மாடியின் மேல்தளத்துக்கு ஏற்றிவிடும் வழக்கம் மும்பையில் பரவியது. 2013 டிசம்பரில் கோகினூர் வழக்கில் உச்ச நீதிமன்றம், விதிப்படி விட வேண்டிய பொழுதுபோக்கு வெளி தரையிலேயே இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. முற்றம் மண்ணைத் தொட வேண்டும் என்பதைச் சொல்ல ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது.

தாராவி: கையால் எழுப்பிய வாசல்

தாராவியில் எந்த டிரஸ்டும் கோணத்தை அளக்கவில்லை. மாகிம் கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு அது. கோலி மீனவர்களின் பழைய ஊர் ஒரு பக்கம். 1880-களிலிருந்து தமிழ் இசுலாமியரின் தோல் பதனிடும் பட்டறைகள் மறுபக்கம். நடுவே, மண்ணும் இடிபாடும் குப்பையும் கொட்டி மேடாக்கிய நிலத்தில் குடியிருப்புகள் எழுந்தன. இங்கே வீடு கட்டுவதன் முதல் வேலை சுவர் எழுப்புவதன்று, தரை எழுப்புவது.

அந்த வேலை ஒருமுறை செய்து முடிவதும் அன்று. மும்பையில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. பெரும்பகுதி நான்கே மாதங்களில். திருநெல்வேலிச் சமவெளியில் பெய்வது அதில் பாதியும் இல்லை. ஊரில் சாணம் மெழுகிய முற்றத்துக்குச் சற்றே சரிவு போதும், இங்கே போதாது. ஒவ்வொரு முறை சந்துக்குப் புதிதாகக் கல் பாவும்போதும் அதன் மட்டம் உயரும். வீட்டின் தரை தாழ்ந்துபோகும். அடுத்த மழையில் சாக்கடை உள்ளே வரும். எனவே வீட்டார் தம் தரையையும் உயர்த்துவர். கூரையோ உயரவில்லை: மாநகராட்சி இத்தகைய வீடுகளுக்கு 14 அடி உயர வரம்பு வைத்திருந்தது. கீழே தரை உயர, மேலே வரம்பு நிற்க, நடுவில் வாழும் இடம் குறுகியது. 'மாளா' என்னும் பரண் தளத்துக்குப் போகும் இரும்பு ஏணி சந்துக்குள் இறங்கியது.

இந்த நெருக்கடிக்குள்தான் தாராவியின் முற்றம் கட்டப்பட்டது. வாசலை ஒட்டி ஓடும் சாக்கடையின் மேல் ஒரு கற்பலகை. அதன் மேல் ஷாகாபாத் கல்லோ உடைந்த லாதியோ பதித்த இரண்டடி மேடை. நீர் சந்தை நோக்கி வடியும்படி ஒரு விரற்கடைச் சரிவு. உள்ளே நீர் புகாதபடி வாசலில் உயர்த்திய படி. துணி துவைப்பதும், நீர்க்குடம் அடுக்குவதும், முறுக்கு பிழிவதும், பிள்ளை படிப்பதும், முதியவர் உட்கார்வதும் அதன் மேல்தான். நகரெங்கும் இட்லி விற்கப் போவோரின் விடியற்காலை வேலையும் பாதி வாசலில் நடக்கும். அடுத்த வீட்டார் வழி கேட்டுச் சச்சரவிட, இரு வீட்டாரும் அரையடி விட்டுக்கொடுக்க, மேடையின் எல்லை முடிவாகும். ஆவணமற்ற இந்த உடன்பாடுகளே சந்தின் அகலத்தைக் காப்பாற்றின.

ஊரின் திண்ணைக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இந்த மேடையில் உட்கார எவர் அனுமதியும் தேவைப்படவில்லை. சாதி தாராவிக்கு வெளியே நின்றுவிடவில்லை. தெருக்களும் கோயில்களும் ஊரையும் சாதியையும் ஒட்டியே அமைந்தன. ஆயினும் மேல்தெருவின் வழியே செருப்பைக் கழற்றி நடக்க வேண்டியிருந்த ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு, தாமே மண் கொட்டி எழுப்பிய வாசல் என்பது வெறும் இரண்டடிக் கல் மேடையைவிட மிகுதியானது. பொங்கலன்று 90 அடிச் சாலையை ஒட்டிய தெருக்களில் பானைகள் வரிசையாக ஏறும்போது அது கண்ணால் காணக் கிடைக்கிறது. அகலத்தையே பெயராகக் கொண்ட சாலைகள் உள்ள ஊர் தாராவி. 60 அடிச் சாலையும் அங்கே உண்டு. இடத்தின் அளவு எவ்வளவு அரியது என்பதை அந்தப் பெயர்களே காட்டும்.

தமிழரின் அண்டை அயலாரான கும்பர்வாடாக் குயவர்கள் பின்முற்றத்தை இன்னும் தெளிவாகத் திட்டமிட்டனர். சௌராட்டிரத்திலிருந்து வந்த இக்குடும்பங்களின் வீடு தெருவிலிருந்து பின்புறம்வரை நீளும். முன்னே கடை, நடுவே வீடும் சக்கரமும், பின்னே பல குடும்பங்கள் பகிரும் முற்றத்தில் சூளை. காயாத பானையை வெயிலில் வைக்கவும், சுட்டதை ஆறவிடவும் அந்த வெளி வேண்டும். அந்த முற்றத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வீடு, தொழில் மிஞ்சாது.

கணக்கில் சேர்க்க முடியுமா

புதிய கட்டடங்களின் பயனைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. தாராவியில் பல குடும்பங்கள் ஒரு பொதுக் கழிப்பிடத்தில் வரிசையில் நிற்கின்றன. இரவில் அங்கே செல்ல அஞ்சும் பெண்களுக்கு வீட்டுக்குள் ஒரு கழிப்பறை என்பது பெரும் விடுதலை. வெயிலே படாத சந்துகள் உண்டு. ஓர் சொன்ன விதியின்படி பார்த்தால் தாராவியின் பெரும்பாலான சன்னல்கள் தேர்வில் தோற்கும். 1985-இல் பிரதமர் நிதித் திட்டத்தில் தொடங்கி ஒவ்வொரு திட்டத்தையும் மக்கள் எதிர்பார்ப்போடு வரவேற்றதற்குக் காரணம் இருந்தது.

கேள்வி வேறு. வெளியிடத்தையும் ஓர் அறையாகக் கருதிக் கணக்கிட இயலுமா? இயலும் என்பதற்குச் சான்று கழிமுகத்தைத் தாண்டி நவி மும்பையின் பேலாப்பூரில் இருக்கிறது. சார்லஸ் கொரியா 1980-களின் நடுவில் அங்கே கட்டிய குடியிருப்பில் ஏழு வீடுகள் 8 மீட்டர் சதுரமுள்ள ஒரு முற்றத்தைச் சூழ்ந்து நிற்கின்றன. அப்படிப்பட்ட மூன்று கூட்டங்கள் சேர்ந்து 12 மீட்டர் முற்றத்தைப் பகிர்கின்றன. அதற்கு மேல் 20 மீட்டர் வெளி. ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தமாக ஒரு சிறு முற்றமும் உண்டு. வசதி வரும்போது விரிவாக்கிக்கொள்ளலாம். வெப்ப நாட்டில் வானம் பார்த்த இடம் ஆண்டின் பெரும்பகுதிக்கு அறையைப் போலவே பயன்படுகிறது, ஆகவே அதற்கும் மதிப்பிட வேண்டும் என்பது கொரியாவின் வாதம். உயரம் இல்லாமலே அடர்த்தியாகக் குடியமர்த்தலாம் என்பதையும் அவர் காட்டினார்.

தாராவியின் அடர்த்தி பேலாப்பூரைவிடப் பல மடங்கு; அதே வடிவத்தை இங்கே பெயர்த்து வைக்க முடியாது. ஆனால் அந்த அளவிடும் முறையைப் பெயர்க்கலாம். மாடிகளில் வீட்டு வாசல்களுக்கு முன்னே உள்ள நடை, இருவர் ஒதுங்கிச் செல்லும் வழியா, அல்லது ஒருவர் உட்கார்ந்து வேலை செய்ய மற்றவர் தாண்டிச் செல்லும் அகலமா என்பது வரைபடத்தில் சில அடிகளின் வேறுபாடுதான். ஒரு தளத்துக் குடும்பங்களுக்கு வெயில் படும் பொதுக் களம் ஒன்று வேண்டுமா, சூளைக்கும் விறகடுப்புக்கும் தரையில் எந்த இடம், அதைப் பராமரிக்கும் செலவு யாருடையது என்பவையும் கட்டுவதற்கு முன்பே கேட்டு எழுத வேண்டிய வினாக்கள். கட்டி முடித்தபின் எழுந்தால் அவை புகார்களாகவே கருதப்படும்.

மாட்டுங்கா வாசலில் மிஞ்சிய ஒரு சாண் கோலமும், செம்பூரின் இடிந்த கொல்லைகளும் வெளியிடம் கணக்கில் தவறிய இடங்களில் நேர்ந்தவை. மாட்டுங்கா மக்களுக்கு அந்த இழப்பை ஈடுசெய்யச் சங்கங்களும் அரங்குகளும் ஊதியமும் இருந்தன. வாசலிலேயே பிழைப்பு நடத்தும் தாராவிக் குடும்பத்துக்கு அத்தகைய ஈடு இல்லை. 350 என்ற எண்ணுக்கு அருகே இரண்டாவது எண் ஒன்று எழுதப்பட வேண்டும்: ஒவ்வொரு குடும்பமும் இன்று சுவருக்கு வெளியே எவ்வளவு இடத்தை, எதற்காக, எத்தனை மணி நேரம் பயன்படுத்துகிறது என்பதன் கணக்கு. சந்துதோறும் சென்று அளப்போர் அளவுநாடாவை வாசற்படிக்கு வெளியேயும் இரண்டடி நீட்டினால் அந்தக் கணக்கு தொடங்கிவிடும்.